காற்றின் மேல் போட்ட பழி

சம்பந்திக்கு,

இன்று காலை உங்கள் ஏழாம் நம்பர் கோல்ஃப் மட்டையை உறையிலிருந்து உருவியதும் யூகலிப்டஸ் தைல வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. பந்தடிக்கும் முன் இரண்டு மணிக்கட்டிலும் தேய்த்துக்கொள்வீர்களே, அந்தத் தைலம். பிடியின் ரப்பருக்குள் ஊறிப்போயிருக்கிறது. ஜெபக்கூட்டம் முடிந்த அன்று சம்பந்தியம்மா இந்த மட்டையை என் கையில் கொடுத்து, "நீங்களே வச்சிக்கிடுங்க, இங்கன கெடந்தா துருப்பிடிச்சிரும்" என்றார். ஐந்து மாதமாக நெல் மூட்டைக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தேன். எடுக்க மனம் வரவில்லை. எருத்தேன்பதியில் காற்று எழும்பிவிட்டது, அதனால்தான் இன்று எடுத்தேன்.

எடுத்துக்கொண்டு போன இடத்தில் ஒரு சேதி தெரிந்தது. அதை உங்களிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் எதையும் சுற்றி வளைத்துத்தான் எனக்குச் சொல்ல வரும், உங்களுக்குத் தெரியாததா? பொறுமையாகக் கேளுங்கள்.

போன வருடம் வைகாசிக் கடைசி. என் கடலைக்காட்டுக்கு மேற்கே, வாடல் நோய் வந்து தென்னையெல்லாம் வெட்டிப்போட்ட மூன்று ஏக்கரில், துபாயிலிருந்து திரும்பிய ஒருவர் கோல்ஃப் பழகும் டிரைவிங் ரேஞ்ச் போட்டிருந்தார். கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்து இறங்குவார்கள். வரிசையாக நின்று வடக்கே பார்த்துப் பந்தை அடிப்பார்கள். குழி கிடையாது, ஆட்டம் கிடையாது, ஜெயிப்பதும் தோற்பதும் கிடையாது. கூடை கூடையாகப் பந்தை அடித்துத் தள்ளிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். வேலை மெனக்கெட்ட கூட்டம் என்று ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன்.

அந்தப் பந்து என் காலடியில் விழுந்த அன்று சிரிப்பு போய்விட்டது. களை வெட்டிக்கொண்டிருந்தேன். ஒன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று. பூ எடுக்கிற நேரத்துச் செடி மேல் மஞ்சள் மஞ்சளாக வந்து விழுகிறது. பதினோரு பந்தைத் துண்டில் முடிந்துகொண்டு வேலிச் சந்து வழியாகப் புகுந்து போனேன். விவசாய ஆபீசான கிருஷி பவனில் புகார் கொடுப்பேன், பஞ்சாயத்தில் கொடுப்பேன், "என்ற காட்டுல வெதைச்சது கடலைங்க, பந்து இல்லீங்க" என்றெல்லாம் வழி முழுக்க ஒத்திகை. ரேஞ்ச்காரர் என்னைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"ஏனுங்க, எம்மேல எதுக்குக் கோவிச்சுக்கறீங்க? அடிக்கறவரு அதா நிக்கறாருங்க."

கடைசித் தடுப்பில், பேண்டைக் கணுக்காலுக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு நீங்கள் நின்றீர்கள்.

நமக்குள் அப்போது பேச்சுவார்த்தை இல்லை. என் மகளும் உங்கள் மகனும் கோயம்புத்தூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, பிடித்துப்போய், நம் இரண்டு பேரிடமும் வந்து சொன்னபோது நான் குதித்த குதி உங்களுக்கு நினைவிருக்கும். கோயிலில்தான் என்று நான். சர்ச்சில்தான் என்று நீங்கள். கடைசியில் சப்-ரிஜிஸ்டிரார் ஆபீசில் நடந்தது. அன்று எடுத்த போட்டோவில் நாம் இருவரும் இரண்டு ஓரத்தில் நிற்கிறோம், நடுவே எட்டுப் பேர். அப்புறம் ஒரு வருடம். நீங்கள் ஓய்வு பெற்று, மலைமேல் தேயிலைத் தோட்டத்து வீட்டைக் காலி செய்துகொண்டு கொழிஞ்சாம்பாறையில் மகன் வீட்டுக்கு வந்த பிறகும்கூட, கடைவீதியில் உங்கள் தலை தெரிந்தால் நான் வண்டியை வேறு சந்தில் திருப்பிவிடுவேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்ததைத்தானே எழுத வேண்டும்.

நீங்களோ என்னைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தீர்கள்.

"அடடே, சம்பந்தி! பந்தப் பொறக்கிட்டே வந்துட்டியளா? நானே வரணும்னுதான் நெனச்சேன்."

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. கோபத்தில்கூட 'ங்க' விட்டுப்போகாத ஊர் எங்களுடையது. "இனி ஒரு பந்துகூட என்ற காட்டுக்குள்ள விழப்படாதுங்க. விழுந்துச்சுன்னா நான் மனுசனா இருக்க மாட்டேனுங்க" என்றேன்.

நீங்கள் கோபப்படவில்லை. மேற்கே பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக் காற்றை வாங்கினீர்கள். வலப்பக்கம் என் காட்டைப் பார்த்தீர்கள். பிறகு இடப்பக்க மூலைக்கு அப்பால் நிற்கும் செல்போன் கோபுரத்தைப் பார்த்தீர்கள். "காத்துதான் பந்த உங்க காட்டுக்குத் தள்ளுது. இனிமே அந்தக் கோபுரத்தப் பாத்து அடிக்கேன். காத்து தள்ளுனாலும் நடுவுலதான் விழும். சரிதானா சம்பந்தி?" என்று சொல்லி, காலை இடப்பக்கம் திருப்பி நின்று ஒன்று அடித்தீர்கள். பந்து கோபுரத்தைப் பார்த்துக் கிளம்பி, பாதி வானத்தில் காற்றில் வளைந்து, திடலின் நடுவே நட்டிருந்த கொடிக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. எனக்கு வாய் பிளந்துவிட்டது. காட்டிக்கொள்வேனா? "நாளைக்கும் வந்து பாப்பேனுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். காவலுக்குத்தான் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். மூன்றாம் நாள் தாங்கமாட்டாமல், "இந்த வயசுல இது எதுக்குங்க உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

அப்போதுதான் உங்கள் தோட்டத்துக் கிளப்பின் வழக்கத்தைச் சொன்னீர்கள். "ரிட்டயர் ஆன ஆளு, அந்த வருசம் ஓணத்துக்கு நடக்கிற கிளப் நாள்ல, மொதக் குழிகிட்ட நின்னு ஒரு பந்து அடிக்கலாம். ஒண்ணே ஒண்ணு. முன்னால ஒரு ஓடை ஓடுது. ஓடையத் தாண்டிட்டா அந்தப் பந்துல பேரெழுதி கண்ணாடி அலமாரில வச்சிருவாக."

"தாண்டலீன்னா?"

"சாயா குடிச்சிட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். அடுத்த வருசம் வேற ஆளு ரிட்டயர் ஆவான்."

முப்பத்துநாலு வருடம் அந்தப் புல்வெளியைக் கத்தரித்து, தண்ணீர் விட்டு, காட்டுப்பன்றி கிளறிய இடத்தைக் கையால் தட்டிச் சமன் செய்தவர் நீங்கள். ஒரு நாள்கூட அதில் ஒரு பந்து அடித்ததில்லை என்றீர்கள். ஆளில்லாத நேரத்தில் அடித்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்டேன். "அனுமதி இல்லாம அடிச்சா அது அடி இல்ல சம்பந்தி, களவு" என்றீர்கள். கூட வேலை செய்தவர்கள் எல்லாரும் சேர்ந்து, வேலையிலிருந்து விடைபெற்ற அன்று இந்த ஏழாம் நம்பர் மட்டையை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். ஓடைக்கு அக்கரையில் நின்று அவர்கள் பார்ப்பார்கள். உங்கள் பெயர் அந்த அலமாரிக்குள் போக வேண்டும். எல்லாம் அந்த ஒரு பந்தில் இருந்தது.

கோபத்தோடு போன மனிதன் அன்றைக்கே உங்கள் கட்சிக்கு மாறிவிட்டேன்.

"சும்மா காவல் நிக்கியளே, ஒண்ணு அடிச்சுத்தான் பாருங்களேன்" என்று மட்டையை நீட்டினீர்கள். மண்வெட்டி பிடித்த கைக்கு இது என்ன பெரிய வித்தை என்று ஓங்கி ஒரு போடு போட்டேன். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. நான்தான் ஒரு சுற்றுச் சுற்றி உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அதே சமயம் பார்த்துக் காற்று என் வேட்டியைத் தூக்கி முகத்தை மூடியது. ரேஞ்ச்காரர் சிரித்த சிரிப்பு கோயம்புத்தூருக்கே கேட்டிருக்கும். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு.

ஒரு வாரம் கழித்து முதல் நல்ல அடி விழுந்தது. அதை எப்படிச் சொல்ல? கையில் ஒன்றுமே தெரியவில்லை. 'டக்'கென்று ஒரு சத்தம், நிமிர்ந்தால் பந்து மேலே போய்க்கொண்டே இருக்கிறது. இறங்குகிற மாதிரியே இல்லை. "அடிச்சுட்டனுங்க! அடிச்சுட்டனுங்க சம்பந்தி!" என்று கத்திக்கொண்டு உங்களைக் கட்டிப்பிடித்தேன். மகள் கல்யாணத்தன்று செய்திருக்க வேண்டிய காரியம் அது.

அப்புறம் மூன்று மாதம் நாம் செய்யாத பைத்தியக்காரத்தனம் இல்லை. விடிந்ததும் கூடைப் பந்து. வெயில் ஏறும்வரை வீச்சு, வீச்சு, வீச்சு. பின்னுக்கு இழுக்கும்போது அவசரம், இறக்கும்போது நிதானம் என்று நான் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். "மெதுவா தூக்கணும் சம்பந்தி. தூங்குற பிள்ளையத் தொட்டில்லருந்து தூக்குத மாதிரி" என்பீர்கள். வீட்டுக்கூடத்தில் ஒட்டடைக் கம்பை வீசிப் பழகும்போது குழல்விளக்கை உடைத்தேன். "ஏனுங்க, பேரன் பேத்தி எடுக்கற வயசுல குச்சி வீசிட்டுத் திரியறீங்க. மேல் கீழ் பாத்து வீசப்படாதுங்களா?" என்று என் வீட்டுக்காரி துடைப்பத்தோடு வந்தாள். அந்தத் துடைப்பத்தையும் வாங்கி வீசிக் காட்டினேன்.

வலது முழங்கை உடம்பை விட்டு விலகுகிறது என்று ஒரு துண்டை மடித்து என் கக்கத்தில் செருகினீர்கள். வீசி முடிக்கிறவரை துண்டு கீழே விழக்கூடாது. எனக்கு விழுந்துகொண்டே இருந்தது. உங்களுக்கு ஒரு தடவைகூட விழவில்லை. எப்படிங்க என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்: "பெரிய மனுசங்க முன்னால முப்பத்துநாலு வருசம் கக்கத்துல வச்ச துண்டுல்லா? இப்பதான் அதுக்கு ஒரு பிரயோசனம் வந்திருக்கு. உங்களுக்குக் கக்கத்துல துண்டு வச்சுப் பழக்கமே கெடையாதே, எப்படி நிக்கும்?" விளையாட்டாகத்தான் சொன்னீர்கள். எனக்கு எங்கோ சுருக்கென்றது. என் அப்பா முன்னால் அப்படித் துண்டோடு நின்றவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். துண்டை எடுத்து மறுபடியும் செருகிக்கொண்டேன்.

ரேஞ்சின் ரப்பர் பாயை நீங்கள் கடைசிவரை மதிக்கவில்லை. அடித்த இடத்தில் புல் எப்படிப் பெயர்ந்திருக்கிறது என்று பார்த்தால்தான் வீச்சின் லட்சணம் தெரியும் என்பீர்கள். என் வேலியோரத்து அருகம்புல்லைக் கண்டதும் உங்கள் கண் விரிந்தது. "இந்தப் புல்லுதான் சம்பந்தி எங்க கிளப்புலயும்! இதுல அடிப்போம்" என்றீர்கள். "அய்யோ, பிள்ளையாருக்குப் போடற புல்லுங்க" என்று நான் பதறினேன். "பிள்ளையாருக்கு ரெண்டு கை பறிச்சு வச்சிட்டு மிச்சத்துல அடிப்போம். அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றீர்கள். செவ்வாய்க்கிழமை தவறாமல் நீங்களே பறித்து என் கையில் கொடுத்தீர்கள், நான் கொண்டுபோய்ச் சாத்தினேன். சர்ச்சா கோயிலா என்று ஒரு வருடம் முறைத்துக்கொண்டதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

ஆடியில் காற்று பேயாக அடித்தது. அம்மியே பறக்கும் என்பார்கள், பந்து எம்மாத்திரம்? ஆனால் நம் இருவர் பந்தும் கோபுரத்தைப் பார்த்துக் கிளம்பி, வளைந்து, நடுக்கொடியடியில் அடக்கமாக உட்கார்ந்தன. கோயம்புத்தூர்க்காரர்களே கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். என் காட்டில் ஒரு பந்தும் விழவில்லை. ஆவணி பிறந்தபோது பத்துக்கு ஒன்பது பந்து நீங்கள் நினைத்த இடத்தில் விழுந்தது.

ஓணம் விடுமுறையில் என் ஜீப்பில் புறப்பட்டோம். பொள்ளாச்சி, தேனி, கம்பம் என்று போய்க் கம்பம்மெட்டு ஏறும்போது நீங்கள் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கதை சொன்னீர்கள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை, அடிக்கப் போவது நானே என்பதுபோல் மனசுக்குள் வீசிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிரவு உங்களோடு வேலை பார்த்தவர் வீட்டில் தங்கினோம்.

காலையில் அந்தப் புல்வெளியை முதல்முறை பார்த்தேன். சம்பந்தி, அதை நீங்களா செய்தீர்கள்? பாய் விரித்ததுபோல் கிடந்தது. சுற்றிலும் தேயிலை. ஓடையின் மேல் மெல்லிய பனி. இலை அசையவில்லை. ஓடைக்கு அக்கரையில் உங்கள் ஆட்கள் குடும்பம் குடும்பமாக நின்றார்கள். மைக்கில் உங்கள் பெயரைச் சொன்னதும் எழுந்த சத்தத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீங்கள் மணிக்கட்டில் தைலம் தேய்த்தீர்கள். பேண்டை மடித்துவிட்டீர்கள். கால் ஊன்றி நின்றீர்கள். பின்னால் நின்று பார்த்த எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அவ்வளவு அழகான வீச்சு. 'டக்'கென்று அந்தச் சத்தமும் கேட்டது.

பந்து இடப்பக்கம் போனது. வளையும், வளையும் என்று நான் காத்திருந்தேன். வளையவே இல்லை. கோடு போட்டதுபோல் நேராகப் போய்த் தேயிலைக்குள் விழுந்தது.

அப்புறம் அக்கரையிலிருந்து ஒருவர், "முப்பத்துநாலு வருசம் புல்லு வெட்டுன ஆளு, தேயிலை பறிக்கப் போயிட்டாரே!" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்துக் கையாட்டினீர்கள். கிளப் செயலாளர் நல்ல மனிதர், பக்கத்தில் வந்து இன்னொன்று அடிக்கச் சொன்னார். "ஒண்ணுன்னா ஒண்ணுதான் சார்" என்று சொல்லிவிட்டு நீங்களே தேயிலைக்குள் இறங்கிப் பந்தைத் தேடி எடுத்து வந்தீர்கள். காது மடல் இரண்டும் சிவந்திருந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

திரும்பி வரும்போது கம்பம்மெட்டில் சாயா குடிக்க நிறுத்தினோம். ஏலக்காய் மூட்டை ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன. கடை அடுப்பின் புகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் திடீரென்று துள்ளி எழுந்தீர்கள்.

"சம்பந்தி! பொகையப் பாருங்க! நேரா மேல போகுது! காலையிலயும் அப்படித்தான் இருந்துச்சு, காத்தே இல்ல! நம்ம அடி தப்பில்ல சம்பந்தி, காத்துக்குப் பழகிட்டோம்! கோபுரத்தப் பாத்துப் பாத்து காலு தானாத் திரும்பிட்டுது!"

நடுரோட்டில் குடையை எடுத்து வீசிக் காட்டினீர்கள். செக்போஸ்ட் போலீஸ்காரர் தொப்பியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். நானும் எழுந்து நின்று என் காலைப் பார்த்தேன். அதுவும் இடப்பக்கம்தான் திரும்பி நின்றது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். "ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணலாம்ங்க" என்று நான் கிண்டல் செய்தேன். "மேடை நேராத்தான் இருந்துச்சு, ஆடுனவன்தான் கோணல்" என்றீர்கள். பிறகு என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "எல்லாம் இந்தக் காத்து செஞ்ச வேலை" என்று சொல்லி சாயா கிளாசுக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டீர்கள். அந்தப் பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஐப்பசியில் மேல்காற்றும் நின்று கீழ்காற்றும் தொடங்காத இடைவெளியில் கோணலைச் சரிசெய்ய இறங்கினோம். சொட்டுநீர்க் குழாயை வடக்கு நோக்கித் தரையில் நேராகப் போட்டு, பாதத்தை அதற்கு ஒட்டி வைத்து அடித்தோம். நேராக நின்றால் கோணலாக நிற்பதுபோல் இருந்தது. இருபது நாள் போராட்டம். ஒரு காலை உங்கள் பந்து நூல் பிடித்ததுபோல் நடுக்கொடியைத் தாண்டிப் போய் விழுந்தது. மட்டையைக் கீழே போட்டுவிட்டு, மற்றவர்கள் அடித்துக்கொண்டிருக்கும்போதே திடலுக்குள் ஓடினீர்கள்! ரேஞ்ச்காரர் அய்யோ அய்யோ என்று அலறினார். பந்து கிடந்த இடத்திலிருந்து காலடியால் அளந்துகொண்டே திரும்பி வந்து, மூச்சு வாங்க, "தாண்டிருச்சு சம்பந்தி, ஓடையத் தாண்டிருச்சு" என்றீர்கள். உங்கள் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அங்கே ஓடை இல்லை, அலமாரி இல்லை, பார்க்க நான் ஒருவன்தான் இருந்தேன்.

தை மாதம் ஒரு சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். மகள் போன் செய்து, நான் வண்டியை எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஒரு வருடம் பேசாமல் வீணாக்கினேனே என்று சம்பந்தியம்மா முன்னால் கூச்சமில்லாமல் அழுதேன்.

இனி இன்றைய சேதி. மட்டையோடு ரேஞ்சுக்குப் போனேன். சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு டீச்சரம்மா, புதிதாகப் பழகுகிறவர், உங்களைப் போலவே உடம்பைத் திருகிக்கொண்டு கோபுரத்தைப் பார்த்து நின்றிருந்தார். நான் போட்ட சண்டைக்குப் பிறகு ரேஞ்ச்காரர் ஒரு பலகையே மாட்டியிருக்கிறார்: காற்று நாட்களில் வலப்பக்கம் பந்து போகக்கூடாது என்று. "இப்படி நின்னு பழகுனா உங்களுக்கும் கோணிக்குமேங்க" என்று டீச்சரம்மாவிடம் சொன்னேன். ரேஞ்ச்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இதை உங்க சம்பந்திகிட்ட மொதல் வாரமே சொன்னனுங்க. நேரா நின்னு அடிங்க, காத்து பாட்டுக்குத் தள்ளட்டும், இல்லாட்டி ஒடம்பு கோணலாப் பழகிக்கும், மலை மேல போனா மாட்டிக்குவீங்கன்னு. அவரு என்ன சொன்னாருன்னு தெரியுமுங்களா? 'தெரியும் தம்பி. எத்தன வீச்சு பாத்திருக்கேன். பந்து கெடக்கட்டும். ஒரு வருசம் கழிச்சு சம்பந்தி இப்பதான் எங்கூடப் பேசுதாரு'ன்னாருங்க."

அங்கே கிடந்த கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

தெரிந்தேதான் செய்திருக்கிறீர்கள். முப்பத்துநாலு வருடம் காத்திருந்த ஒரே ஒரு பந்தை, நாலு வரிசைக் கடலைச் செடிக்காகவும் என் வறட்டுக் கோபத்துக்காகவும் கோணலாக்கிக்கொண்டீர்கள். மலையில் நின்றபோது கால் தன்னால் திரும்பியதா, அன்றைக்காவது சமாளித்துவிடலாம் என்று நினைத்து ஏமாந்தீர்களா, எனக்குத் தெரியாது. கம்பம்மெட்டில் நான் கேட்கும்முன்னே பழியைத் தூக்கிக் காற்றின் மேல் போட்டீர்கள். சாயா கிளாசுக்குள் ஏன் முகத்தைக் கவிழ்த்தீர்கள் என்று இன்றைக்கு விளங்குகிறது. காற்று இல்லை சம்பந்தி. நான்தான். உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய வேளையில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கடன் என்னோடுதான் இருக்கும், இறக்கி வைக்க இடமில்லை.

அப்படியே எழுந்து போய் அந்தப் பலகையைக் கழற்றினேன். டீச்சரம்மாவை வடக்கே பார்த்து நேராக நிற்கச் சொன்னேன். ஓங்கி அடித்தார். நல்ல அடி, சத்தமே சொன்னது. பந்து நேராகக் கிளம்பி, காற்றில் சாய்ந்து, வேலியைத் தாண்டி என் காட்டுக்குள் போய் விழுந்தது. அவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். "இன்னொண்ணு அடிங்க கண்ணு, அப்படியே அடிங்க" என்றேன்.

ரேஞ்ச்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏனுங்க, கடலை நாசமாப் போயிருமேங்க?" என்றார்.

"கடலை அடுத்த வருசமும் மொளைக்குமுங்க" என்றேன்.